பூவாத்தாளுக்குக் கொடுத்த கிழங்கு

புதுப்பாளையம்
18-2-1964

அன்பு மகன் ராசுவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், பிலாய் இரும்பாலையில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். குளிர் விட்டதென்று கம்பளியை மடித்து வைத்துவிடாதே. நம் எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

கிழங்கு விஷயத்தை உனக்கு எழுதாமல் மனசு ஆறவில்லை. மழை வரும்போல இருக்கிறதென்று நான்தான் அவசரப்படுத்தி மரவள்ளியை எல்லாம் பிடுங்கச் சொன்னேன். மறுநாளே ஜவ்வரிசி மில்லில் அரைக்கிற மிஷின் உடைந்துபோயிற்று. குவியலாகக் கிடந்த கிழங்கை மூன்றாம் நாள் ஒடித்துப் பார்த்தால் உள்ளே நரம்பு நரம்பாக நீலம் ஓடியிருந்தது, மாவு கறுத்துப்போகும் என்று மில்காரர் வண்டியைத் திருப்பிவிட்டார். வீணாகப் போகிறதே என்று நீலம் ஓடாததாகப் பொறுக்கி, பிடுங்க வந்த பூவாத்தாளுக்குக் கூலியாக அளக்கும் கம்பில் பாதிக்குப் பதில் அதையே கொடுத்தேன். மில்லுக் கெழங்கு கசக்குமுங்களே என்று தயங்கினாள். வெந்தால் சரியாய்ப் போகும் என்று நானே கூடையில் போட்டேன். அவள் மகள் ஆத்தாயி பசியில் தோலோடு சுட்டுத் தின்றுவிட்டு, வாந்தியும் மயக்கமுமாக விழுந்துவிட்டாள். அப்பா வண்டி கட்டி ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், கூடவே நானும் போனேன். நீலம் விஷமில்லை, பிடுங்கிய கிழங்கு கெடும்போது அப்படித்தான் நிறம் மாறும், கசப்புத்தான் விஷம், தோலில் இன்னும் அதிகம், மில்லில் அரைத்து அலசிக் காயவைப்பதால்தான் போகிறது என்றார் டாக்டர். வெள்ளையாகப் பார்த்துப் பார்த்து நான் பொறுக்கியது அந்தக் கசப்புக் கிழங்கைத்தானே ராசு.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் பூவாத்தாள் என்னிடம், ஏனுங்கம்மா, உங்க ஊட்டுலயும் அதத்தான் ஆக்கித் தின்னீங்களா என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நமக்கென்று கொல்லையில் நட்டிருக்கும் கசக்காத கிழங்கைத்தான் அன்றைக்கு ஆக்கியிருந்தேன்.

இதையெல்லாம் பிள்ளைக்கு எதற்கு எழுதுகிறாய் என்கிறார் அப்பா. உனக்குத் தெரியாமல் நல்லவளாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றுப் பூவாத்தாள் மறுபடி வேலைக்கு வந்தாள். கூலி முழுவதும் கம்பாகவே அளந்தேன், வாங்கிக்கொண்டாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். ஊட்டுலயிருந்து கொண்டாந்துட்டனுங்க என்று வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு சாமி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. ஒரு குறையுமில்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சென்னியம்மாள்