ஐந்தெழுத்து விடை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நீங்கள் எழுதிய குறுக்கெழுத்துப் புதிர் இந்த வாரப் பத்திரிகையில் உங்கள் பேரோடு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்னோடு வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஜெயசீலி உரக்கப் படித்தாள்: "மாலை போட ஏணி வேணும், நிழலும் தராது. அஞ்செழுத்து. இன்னாக்கா விடை?"

"பனைமரம்" என்றேன். கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினார்கள். வீட்டில் நீங்கள் என்னைக் கூப்பிடும் பேர் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

கல்யாணப் போட்டோவில் என்னை மட்டும் உட்கார வைத்தீர்கள். மூன்று வருஷமாக ஞாயிறு ஆராதனையில் உங்கள் பக்கத்தில், உங்கள் உயரத்துக்கு முழங்காலை மடக்கியே நின்றேன். நேற்று நிமிர்ந்து நின்று பாடினேன்.

"அவன் வந்தா இன்னா பண்ணுவே?" என்று ஆராதனை முடிந்ததும் உங்கள் அம்மா கேட்டார்கள்.

இப்படித்தான் நிற்பேன் என்றேன். என்னைத் திரும்ப அழைக்க, நீங்கள் தோல் பதனிடும் ஆம்பூர் ஷாப்பில் லீவு போட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டுச் சாவியை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தவள்