கட்டிங் மேஜைக்கு அடியில் படித்தவளுக்கு

கண்ணு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் கோபித்துக்கொண்டிருக்கிறது. நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. சந்தோஷத்தில் ஊசியில் நூல் கோக்க வராமல் மிஷினை மூடிவிட்டேன். ஃபோனில் பேசினால் குறுக்கு விசாரணை செய்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அப்பா இதைப் படம் எடுத்து அனுப்புவார்.

நீதிபதியாக வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீயோ மாட்டேன் என்று சொல்லப் போகிறாயாம். வக்கீலா இருந்தா ஒரு பக்கம் நின்னா போதும்மா, அங்க உட்கார்ந்தா யாராவது ஒருத்தர் என்னால அழுதுகிட்டு வெளிய போவாங்க, அதை எப்படித் தாங்குவேன் என்று நேற்று கேட்டாய். என் பதில் ஃபோனை வைத்த பிறகு வந்தது. எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நம் தையல் கடைக்கு வந்து கட்டிங் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வாய். கவுனுக்கு அளவு கொடுக்க வரும் வக்கீல்கள் கைகளை விரித்து நின்றபடியே, கண்ணாடியைப் பார்த்து மறுநாள் வாதத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். நீ கீழே இருந்து, அப்ப அந்த ஆள் ஏன் ஓடினான் மாமா என்பாய். பாதிப் பேர் வீட்டுக்குப் போய் வாதத்தை மாற்றினார்கள். உன் சட்டப் படிப்பு அங்கே தொடங்கியது. கல்லூரியெல்லாம் அப்புறம்.

ஒருநாள் இடிமுழக்கமும் முணுமுணுப்பும் ஒன்றாகக் கவுன் வாங்க வந்தார்கள். அந்த இரண்டு வக்கீல்களுக்கும் நீ வைத்த பெயர்கள்தான். இருவரும் ஒரே உயரம், ஒரே பருமன். இஸ்திரி போடும்போது கழற்றிய, பெயர் எழுதிய அடையாளத் துண்டுகளை மறுபடி குத்த நான் மறந்துவிட்டேன். ஒரு கவுன் கழுத்தில் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது, அது என்னுடையது என்று இருவரும் பிடித்துக்கொண்டார்கள். இடிமுழக்கம் பேசினால் கண்ணாடி அதிரும். நிறைய ஆர்டர் கொடுப்பவர் வேறு. அவருக்கே கொடுத்துத் தொலைக்கலாம் என்று மடிக்கத் தொடங்கினேன். தலையெல்லாம் நூல்பிசிறோடு நீ வெளியே வந்தாய். இரும்மா, அந்த மாமா இன்னும் சொல்லி முடிக்கல என்றாய். முணுமுணுப்பை முழுசாகப் பேச விட்டாய். பிறகு இருவரையும் அதே கவுனைப் போட்டுக்கொண்டு கோர்ட்டில் பேசுவது மாதிரி பேசச் சொன்னாய். இடிமுழக்கம் கையை உயர்த்தினார், அக்குளில் இழுத்தது. கையை வீசிப் பேசுகிறவர் என்று அவருடைய கவுனில் அங்கே துணி அதிகம் விட்டிருந்தேன், அளவெடுத்தபோது நான் சொன்னதை நீ கேட்டிருக்கிறாய். அப்படியும், இன்னும் ஏதாவது சொல்லணுமா மாமா என்று அவரைக் கேட்டாய். அப்புறம்தான், இது உங்களுது இல்ல என்றாய். அவர் முகம் தொங்கிப் போனது.

இன்று காலை செய்தி காதுக்கு எட்டி, அந்த மனுஷன் கைத்தடியோடு கடைப்படி ஏறி வந்தார். எத்தனையோ ஜட்ஜுங்க என்னைத் தோற்கடிச்சிருக்காங்க, இன்னும் ஏதாவது சொல்லணுமான்னு கேட்டுட்டுத் தோற்கடிச்சது உன் பொண்ணு ஒருத்திதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு என்ன சிரிப்பு! தோற்றவர் அவர், கண்ணு.

அப்பா பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு இஷ்டமில்லை. நீதிபதின்னா சிநேகிதம் சுருங்கிடும், யார் வீட்டுக்கும் நினைச்சபடி போக முடியாது, எல்லாரும் எழுந்து நிப்பாங்க, ஒருத்தரும் உட்கார்ந்து பேச மாட்டாங்க, என் பொண்ணு தனியா ஆயிடுவா என்கிறார். அதில் பொய் இல்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. நீ சரி என்றால் நான் வக்கீல் கவுன் தைப்பதை விட்டுவிடுவேன், என் கடை வழியாக உன்னைப் பிடிக்க யாரும் நினைக்கக் கூடாது. பள்ளிச் சீருடை இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன். யாராவது அழத்தான் செய்வார்கள். கேட்காமல் அழவைக்கிறவர் அங்கே உட்காருவதைவிட, கேட்டுவிட்டு அழவைக்கிறவள் உட்காரட்டும். இது என் பக்கம்.

நன்றாக இரு. எங்கள் ஆயுசும் உனக்கே. வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வெள்ளிக்கிழமையை மறக்காதே.

அன்புடன்,
அம்மா

கண்ணு, அப்பா எழுதுகிறேன். படம் எடுக்கும் முன் படித்தேன். என் பக்கத்தை நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாள். பயம் போகவில்லை. ஆனாலும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போய் உட்கார்.