அப்புறம் கேட்கலாம் என்றேன்

அன்புள்ள சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் எண்களைத் தடுத்துவிட்டாய், தெரியாத எண்ணையும் எடுப்பதில்லை. அதனால்தான் நீ வேலை செய்யும் வானொலி நிலையத்துக்கே எழுதுகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. என் கடையில் வழக்கம்போல உடைந்த போன்கள் குவிந்து கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லப்போவதாகவும், எப்படியாவது அவரை வானொலி முன் உட்காரவைக்கும்படியும் சொல்லியிருந்தாய். அவரைக் கெஞ்சவே வேண்டியிருக்கவில்லை. நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து உன் பேரையே எடுக்காத மனிதர், குளித்து, வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். உன் குரல் வந்ததும் ஒரே கரகரப்பு. அவர் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக்கொண்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் மேதாவி நான், "இரைச்சலா இருக்குப்பா, அப்புறம் போன்ல தெளிவா கேட்கலாம்" என்று அணைத்துவிட்டேன்.

எதுவானாலும் எங்கோ சேர்ந்திருக்கும், விரலால் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு. உங்கள் நிலையம் அந்த நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றுவதே இல்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் போன் சரிசெய்து கொடுக்கிறவனுக்கு இது வெட்கக்கேடு.

நீ சொன்னதை இஸ்திரிக் கடைக்காரர் கேட்டிருக்கிறார். "உன் தங்கச்சி அழுதுடுச்சுப்பா. கோவம் போயிடுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்கப்பா, இல்லன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு சொல்லுச்சு" என்றார்.

அப்போதாவது அப்பாவிடம் உண்மையைச் சொன்னேனா? உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அப்பா தினமும் "வந்துடுச்சாடா?" என்பார். "இன்னும் ஏத்தலப்பா" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். நீ காத்திருந்து காத்திருந்து கதவைச் சாத்திவிட்டாய்.

நேற்று தாங்காமல் அவரிடம் கொட்டிவிட்டேன். அறைவார் என்று நின்றேன். அறையவில்லை. தன் போனில் உன் எண்ணைப் போடச் சொன்னார். மணி அடிக்காமலே துண்டிக்கப்பட்டது. மறுபடி மறுபடி போடச் சொன்னார். பிறகு, "அப்பா வேணாம்னு இருந்துட்டார்னு நெனச்சிருப்பாளேடா" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

என்னை மன்னிக்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். அவர் எண்ணை மட்டும் திறந்துவிடு, தாயே. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கிட்டே போனாலே கையால் மூடிக்கொள்கிறார்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்