இல்லாத மாடிப்படி

செப்டம்பர் 2
வலிக்காரர்கள் கூட்டத்தில் இன்று முதல் நாள். மருத்துவமனையின் மூலை அறையில் ஏழு நாற்காலிகள். ஒன்றில்கூட முதுகைச் சாய்க்க முடியாது. ஆலோசகர் அம்மா சொன்னார்: “வலியைக் கதையா சொல்லுங்க. பாதி குறைஞ்சிரும்.” மீதிப் பாதியை யார் தலையில் கட்டுவதென்று சொல்லவில்லை.

செப்டம்பர் 9
என் முறை. “மூணு வருஷமா இடுப்பு வலிக்குது. பெரிசா ஒண்ணும் நடக்கலை” என்றேன். கதை முடிந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். அடுத்துப் பேசிய லாரி டிரைவருக்கு மழை, வளைவு, உருண்ட வண்டி என்று சகலமும் இருந்தது. கைதட்டல் ஓயவில்லை. வலியிலும் எனக்கு யோகமில்லை.

வீட்டில் இவர் வழக்கம்போல, “ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே, எல்லாம் மனசுதான்” என்றார். மூன்று வருடமாக இதே பல்லவி. இந்த மனிதர் ஒரு நாளாவது நம்பினால் போதும் எனக்கு.

செப்டம்பர் 16
மாடிப்படியில் உருண்டுவிட்டேன் — கதையில்தான். பதினான்கு படிகள், கையில் துணிக்கூடை. தையல்கார அக்கா அழுதேவிட்டார். சீ, என்ன ஜென்மம் நான்! ஆனாலும் எவ்வளவு சுகமாக இருந்தது.

செப்டம்பர் 23
படிகள் இருபதாகிவிட்டன. வாய் நிற்கமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 29
நாளைக்குக் குடும்பத்தாரையும் அழைத்துவர வேண்டுமாம். இவர் லீவே போட்டுவிட்டார்! இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த அக்கறை? எங்கள் வீட்டில் மாடியே கிடையாதே. செத்தேன்.

செப்டம்பர் 30
டிரைவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இருபது படி சார்! நீங்கதான் தூக்குனீங்களாமே?” என்றார். இவர் என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க. நல்ல அடி” என்றார் இவர்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டார்: “விழுந்தேன்னு சொன்னாதான் நம்புவாங்கன்னு நெனைச்சியா?”

“நீங்க நம்பலையே.”

பையை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். “சரி. நிஜமா எப்ப ஆரம்பிச்சுது? சொல்லு.”

சொன்னேன். நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில், கீழ் அலமாரியிலிருந்து ஒரு பார்சலை எடுக்கக் குனிந்தபோது சுருக்கென்றது. அவ்வளவுதான் கதை. சொல்லி முடிப்பதற்குள் எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 3
சமையலறையில் கீழ்த்தட்டுப் பாத்திரங்கள் எல்லாம் மேடைக்கு ஏறியிருக்கின்றன. இவர் வேலைதான். காய் நறுக்க இடமில்லை, உப்பு டப்பாவைக் காணவில்லை. திட்ட மனசு வரவில்லை.