தோட்டத்து ஆள்

எல்ல,
ஓகஸ்ட் 18

அன்புள்ள மிருதுளா அக்காவுக்கு,

டிலக்சினி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணாவும் கதிர்காமம் பார்த்துவிட்டுச் சுகமாகக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கெஸ்ட் ஹவுஸில் காலையில் இடியாப்பம் வைத்துவிட்டுக் கதவோரம் நின்ற பெண் நான்தான். "இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா?" என்று அண்ணா கேலி செய்வாரே. அம்மா குவைத்துக்குப் போன வருடம், தரம் ஒன்பதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கதிர்காமத்துக்குப் புறப்பட்ட அன்று எனக்கு லீவு தொடங்கியது. எங்கள் கொஸ்லந்தை வழியாகவும் போகலாம்தானே என்று வேனில் ஏற்றிக்கொண்டீர்கள். ஹப்புத்தளை தாண்டும்போது வீடு எங்கே என்று கேட்டீர்கள். "லயத்துலங்க" என்றேன். உங்களுக்கு ஒரே சந்தோஷம். "ஏங்க, கேட்டீங்களா? வீட்டுக்கே லயம்னு பேரு வச்சிருக்காங்க! பாட்டுக் குடும்பம் போல." அண்ணா, "உனக்குத்தான் இருபது வருஷமா அது வரமாட்டேங்குது" என்றார். நீங்கள் அவரைக் கிள்ளினீர்கள்.

அக்கா, எங்கள் ஊரில் லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பிராக்கள். எங்கள் லயத்தில் பன்னிரண்டு குடும்பம். எங்களுடையது ஏழாவது காம்பிரா. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் முகம் மாறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். வேன் ஓட்டிய ஷப்ராஸ் நானா பண்டாரவளைக்காரர், அவருக்குத் தெரியாதா? கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, பங்களா வந்தா சொல்லுங்க, ஹோர்ன் அடிச்சி கேட்டைத் தொறக்கச் சொல்வம்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஸ்லந்தை வந்ததும், என் வீட்டாரைப் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்றீர்கள். ரோசாச் செடி வைத்த வீட்டின் முன்னால் நிறுத்தச் சொன்னேன். அது எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயாவின் பங்களா. வேன் போனதும் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடிவிடலாம் என்று நினைத்தேன். நீங்களோ படம் எடுக்க இறங்கிவிட்டீர்கள்.

அப்போதுதான் அவர் வந்தார். இடுப்பில் சாக்கு, கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, காலெல்லாம் சேறு. லீவு நாளில் என் பையைத் தூக்க ரோட்டுக்கு வருவது அவர் வழக்கம். "பாப்பா" என்று கூப்பிட்டார். யார் என்று கேட்டீர்கள்.

"தோட்டத்து ஆள்" என்றேன்.

எங்கள் பேச்சில் அது பொய்யில்லை. தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். அதில் வேலை செய்கிற, குடியிருக்கிற எல்லோரும், நானும்கூட, தோட்டத்து ஆள்தான். ஆனால் உங்கள் காதில் அது எப்படி விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன். லயம் என்றது அறியாமல் வந்த பிழை. இது அப்படியில்லை. "ஓ, தோட்டக்காரரா? ரோஜாவெல்லாம் அருமையா வளர்த்திருக்கீங்க" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்கம்மா" என்று சொல்லி, கவ்வாத்துக் கத்தியால் ஒரு ரோசாவை அறுத்து உங்களிடம் கொடுத்தார்.

அவர் என் அப்பா. பெயர் சிவஞானம்.

பங்களா ஜன்னல் வழியாக யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, "சிவஞானம், என் வீட்டு ரோசாவுக்கு ஒன்னைய யாருடா தோட்டக்காரனாப் போட்டது?" என்று கிளாக்கர் ஐயா எல்லோர் முன்னாலும் கேட்டாராம். ஆட்கள் சிரித்தார்களாம். அப்பா கடைசிவரை என் பேரை எடுக்கவில்லை. பக்கத்துக் காம்பிரா பெரியாயி அக்கா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர், "சாப்பிட்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்காமல், அவருக்கும் சேர்த்துத் தட்டை எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். பஸ் நிற்கிற ஹோல்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் பையை என் காலடியில் வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார், யாரோ மாதிரி. பஸ் வரும்வரை நான் அவரைக் கூப்பிடவில்லை அக்கா. கூப்பிட்டால் வந்திருப்பார்.

எனக்குப் பதில் வேண்டாம். கோபம் இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவுக்கு மட்டும் ஒரு கடிதம் போடுங்கள். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும், பேரைச் சத்தமாக வாசித்துத்தான் கொடுப்பார்கள். அதனால் உறையின் மேல், டிலக்சினியின் அப்பா சிவஞானம் அவர்களுக்கு என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பார். அவர் என் அப்பா என்று நான் உங்களிடம் சொன்னதாக எழுதுங்கள். இப்போது சொல்லிவிட்டேன் அல்லவா, அது பொய்யாகாது.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிவஞானம் மகள்
டிலக்சினி