கொட்டாரம் டவரில் இருக்கிறாராம்

ஜூன் 9, திங்கள்

சாரல். துணி காயவில்லை. இவருக்குக் கழுத்துக் கட்டியில் சதை எடுத்து டெஸ்டுக்குக் கொடுத்த ரிசல்ட் நாளைக்கு. கேன்சர் என்ற சொல்லை வீட்டில் இருவருமே எடுப்பதில்லை. கூட வருகிறேன் என்றேன். "நீ வரண்டாம். ஆபீஸுக்குப் போ." பிடிவாதம்.

வாங்க: தேங்காய் எண்ணெய், கொசுவர்த்தி.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில். கை சும்மா இருந்தால் அழுகை வருகிறது, அதனால் எழுதுகிறேன். காலையில் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறியவர் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லையாம், கேட்டுவிட்டேன். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. ஏதும் செய்துகொண்டாரோ என்று நினைப்பெல்லாம் கடற்கரைக்கே ஓடுகிறது.

ஸ்டேஷன் ரைட்டர், இவர் போன் எந்த டவரில் இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னார்: "கொட்டாரம், பொறவு அஞ்சுகிராமம், திரும்ப கொட்டாரம், இப்ப நாகர்கோவில். ஆளு ஒரு எடத்துல நிக்கல்லம்மா."

கேட்டதும் விளங்கிவிட்டது. நான் தினம் ஏறும் பஸ் போய்வரும் வழி அல்லவா அது! அலைவது இவரில்லை, போன்.

சாயங்காலம். கொட்டாரத்தில் பஸ்ஸை மறித்தேன். சீட்டுக்கடியில் போன், சைலண்டில். கண்டக்டர்: "இதா கெடக்கு யக்கா! காலையிலேர்ந்து ஓசியில சுத்தியிருக்கு." சிரிக்க முடியவில்லை. இருந்த ஒரே துப்பும் போயிற்று.

கையிலேயே திரை மினுங்கியது. ஆஸ்பத்திரி. "ரிப்போர்ட் இப்பதான் வந்துச்சு. பயப்படண்டாம், சாதாரணக் கட்டிதான்." ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஆனால் இதை அவரிடம் எப்படிச் சொல்ல? அவர் போன் என் கையில்.

இருட்டும் முன் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே போகப் பயந்து, பகலெல்லாம் ரயில்வே ஸ்டேஷனில் இருந்திருக்கிறார்.

"ஏட்டி, போனு போச்சு. ஏசாத."

"கட்டியில ஒண்ணுமில்லயாம்! ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க!" கத்தியே விட்டேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும். பிறகுதான் ஏசினேன், ஆசை தீர.

ஜூன் 11, புதன்

வெயில். லீவு. ஆள் கிடைத்துவிட்டார் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. கொசுவர்த்தி வாங்க மறந்தேன்.

மீன் வாங்கப் போனவரிடமிருந்து போன்: "மீங்கடையில நிக்கேன்." கொஞ்சத்தில் மறுபடி: "சர்ச் தாண்டிட்டேன்." இந்த மனிதனை என்ன செய்ய!

இதோ, திரும்பவும். "ஏட்டி, நம்ம வீட்டு கேட்டு வாசல்ல நிக்கேன்."

ஜன்னல் வழியே தெரிகிறார், கையில் மீன் பை, காதில் போன். எனக்கும் போனை வைக்க மனம் வரவில்லை.

"சரி. கட் பண்ணாம, அப்பிடியே உள்ள வாங்க" என்றேன்.