கண்டி மைதானத்தில் விட்ட குரவை

கல்முனைக்குடி
ஒக்டோபர் 1982

என் அன்பு மகன் ஸைனுலாப்தீன் அறிய உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். படைத்த றப்பு தந்த சுகத்தில் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம், அந்தச் சவூதி வெயிலில் உனக்கும் அவன் நிழல் தரவேண்டும் என்று ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன். என் முழங்கால் வலி அப்படியேதான், தைலம் போட்டால் ஒரு பொழுதுக்குக் கேட்கும். உன் பெண்டாட்டி றம்ஸியா நல்ல சுகம். மகள் நதீரா ஐந்தாம் வகுப்பில் முதலாம் பிள்ளையாய் வந்திருக்கிறாள், நான் படிப்பை நிறுத்திய வகுப்பு அது, அவள் நிறுத்தமாட்டாள். சின்னவன் றியாஸுக்கு மாரி மழை தொடங்குமுன் சுன்னத்து வைக்க ஒஸ்தாவிடம் சொல்லியாயிற்று.

உன் கடிதம் வந்தது. றம்ஸியா வாசித்துக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள், நான் வாங்கி எழுத்துக்கூட்டி மீதியை வாசித்தேன். உம்மா கண்டிக்குப் போய் விளையாட்டு மைதானத்தில் இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் இருந்து கலியாண வீடு போல நாக்கைச் சுழற்றிக் குரவை விட்டாவாம், அங்கே புடவைக்கடை வைத்திருக்கும் நம்மூர் மீராமுகைதீன் பின்வரிசையில் இருந்து பார்த்து எழுதினாராம், தம்மாமில் உன் கூட்டாளிகள் வாயில் எல்லாம் அதே கதையாம், உனக்குத் தலைநிமிர்ந்து நடக்க ஏலாதாம். இனி றம்ஸியாவும் பிள்ளைகளும் என்னோடு எங்கும் போகக்கூடாதாம், றியாஸின் சுன்னத்து வீட்டில் குரவைச் சத்தமே கேட்கக்கூடாதாம். ஓம் மகன், குரவை விட்டேன். மீராமுகைதீன் பாதியைத்தான் எழுதியிருக்கிறார், மீதியை நான் சொல்கிறேன் கேள்.

நோன்புப் பெருநாள் கழிந்து உன் மாமா, என் தம்பி ஆதம்பாவா வேன் பிடித்தார். மகியங்கனைக்கு மேலே மலை வளைவுகள் முழுக்க றம்ஸியா கண்ணை மூடிக்கொண்டு சலவாத்து ஓதினாள், நதீரா கண்ணைத் திறந்துகொண்டு வளைவை எண்ணினாள். கண்டிக் குளத்தைச் சுற்றி நடக்க நல்ல பாதை, மரநிழல், குடும்பம் குடும்பமாய்ச் சனம். படகில் ஏற்றியும் காட்டுகிறார்கள், அன்றைக்கு நெருக்கம் என்பதால் நாங்கள் ஏறவில்லை. கை நீளத்து மீன்கள் கரைக்கே வந்து பொரிக்கு வாய் திறக்கின்றன, பிடித்தால் பொலிஸ் வருமாம். கரைவலைக்காரர் உன் மாமா, பார்த்துப் பார்த்துக் கையைப் பிசைந்து, ராத்தா, இந்த ஊரில மீனுக்குப் பென்சன் குடுத்து வெச்சிரிக்காங்க என்றார். பின்நேரம் மைதானத்தில் ஒரே ஆரவாரம், இரண்டு பள்ளிக்கூடத்துப் பெடியன்களுக்கு றகர் பந்தாட்டம். நதீரா பார்க்கவேண்டும் என்றாள், பொம்பிளைகளுக்கு அங்கே என்ன வேலை என்றார் மாமா. வாசலில் நின்று பார்த்தேன், தாய்மார் பிள்ளைகளையும் சோற்றுப் பொதியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னுக்குப் போனேன், அவர் பின்னால் வந்தார்.

அந்தப் பந்து பப்பாசிப்பழம் போல நீளம். நம்மட ஊரில் பந்தைக் காலால் அடிப்பார்கள், இவர்கள் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இடையிடையே இரண்டு பக்கமும் குனிந்து தலையைக் கோத்துக்கொண்டு முட்டுகிறார்கள், கந்தூரி விருந்தில் சஹன் தட்டைச் சுற்றிக் குனிந்த மாதிரி இரிக்கு, நடுவில் சோற்றைத்தான் காணவில்லை என்றேன். றம்ஸியா முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இதை மீராமுகைதீன் எழுதினாரா?

அப்போதுதான் ஒரு பெடியன் பந்தோடு விழுந்தான், அவனுக்கு மேல் ஆறேழு பேர். எல்லாரும் எழும்பினார்கள், அவன் எழும்பவில்லை. தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு அம்மே, அம்மே என்று கத்துகிறான். சிங்களப் பிள்ளைதான், ஆனாலும் அந்தச் சொல் யாருக்கு விளங்காது. மற்றப் பக்கத்துக் கூட்டம் அவனைப் போலவே அழுது காட்டிச் சிரித்தது. எனக்கு வேறு யோசனை ஒன்றும் வரவில்லை. ஆம்பிளைப் பிள்ளை வலியில் கத்துவது சபைக்குக் கேட்கக்கூடாது என்றுதானே சுன்னத்து வீட்டில் நம்மட பொம்பிளைகள் குரவை விடுகிறார்கள். நானும் விட்டேன். மைதானமே திரும்பியது. ராத்தா, வாயப் பொத்துங்க, இது சுன்னத்து வீடில்ல என்றார் ஆதம்பாவா. நான் மூச்செடுத்துத் திரும்பவும் விட்டேன், நதீராவும் சேர்ந்துகொண்டாள். அவனை உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்து அவன் பக்கத்தார் கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவன் எவ்வளவு அழுதானோ ஒருவருக்கும் கேட்கவில்லை, தோளைப் பிடித்தபடி நடந்துதான் வெளியே போனான். பக்கத்தில் இருந்த சிங்களத்து அம்மா என் கையில் ஒரு தோடம்பழத்தை வைத்தா.

இதில் எனக்கு என்ன வெட்கம்? மார்க்கத்தில் குரவை இல்லை என்று எழுதியிருக்கிறாய், நோகிறவனைப் பார்த்துச் சிரிப்பதும் மார்க்கத்தில் இல்லை. றம்ஸியா இருப்பது அவளுடைய உம்மா அவளுக்கு எழுதிக் கொடுத்த வீடு, அந்தப் படலைக்கு நீ தம்மாமில் இருந்து பூட்டுப் போட ஏலாது. டிசம்பரில் திரும்பவும் கண்டிக்குப் போகிறோம், வேனுக்குச் சொல்லியாயிற்று, நதீராவைப் படகில் ஏற்றவேண்டும்.

சுன்னத்துக் கதைக்கு வருகிறேன். உன்னுடையது உனக்கு மறந்திருக்கும். ஒஸ்தா கத்திப் பெட்டியைத் திறக்கும்போதே நீ கத்தத் தொடங்கிவிட்டாய், பந்தலில் உன் வாப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் இருந்தார்கள். நானும் மாமிமாரும் அறைக் கதவடியில் நின்று தொண்டை வறளக் குரவை விட்டோம். மறுநாள் இதே மீராமுகைதீன் வந்து உன் தலையைத் தடவி, இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார், நான் ஒரு நாளும் திருத்தவில்லை. றியாஸ் உன்னைப் போல, கட்டாயம் அழுவான். பந்தலுக்கு ஒரு சத்தமும் போகாது, அதற்கு நான் பொறுப்பு.

உன் ஹயாத்தை நீளமாக்கி, ஈமானோடும் உடல் பலத்தோடும் அல்லாஹ் உன்னைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக. வெளியில் வேலை செய்யும்போது தலையை மூடிக்கொள், சுன்னத்து வீட்டில் பங்கிட நல்ல பேரீச்சம்பழம் யாரிடமாவது கொடுத்தனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
வாயைப் பொத்தாத உன் உம்மா
ஆசியா உம்மா